விழுந்ததாலா, வெட்டியதாலா?

வேலையிடத்தில் அடிபட்டவர்கள் போடும் இழப்பீட்டு வழக்குகளில் நான் எப்போதும் எதிர்த் தரப்பு. இன்சூரன்ஸ் கம்பெனியின் பேனல் வக்கீல் என்றால் அதுதான் பிழைப்பு. ‘இந்த வேலைதான் என்னை இப்படி ஆக்கியது’ என்று மனுதாரர் சொல்வார்; ‘வேலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை’ என்று நான் சொல்வேன். எந்தக் கட்டைப் பிரித்தாலும் உள்ளே இந்த இரண்டு வரிதான் இருக்கும். ஒரே ஒரு வழக்கில் மட்டும் இது தலைகீழாகப் போயிற்று. பிசிறு வெட்டி வெட்டியே அந்தப் பெண்ணின் கை கெட்டது என்று நான் வாதாடினேன். வெட்டியதால் ஒன்றும் ஆகவில்லை என்று அவருடைய வக்கீல் மல்லுக்கு நின்றார். நடுவே இரண்டு பரிசோதனை அறிக்கைகள், ஒன்றுக்கொன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு.

சம்பவம் நடந்தது 2017-இல். திருப்பூர் பி.என். ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஜாப் ஒர்க் யூனிட். பெரிய பனியன் கம்பெனிகளில் தைத்து முடித்த டி-சர்ட்டுகள் செக்கிங்குக்கும் டிரிம்மிங்குக்கும் அங்கே வரும். ஆள் மொத்தம் எட்டுப் பேர். பத்துப் பேருக்குக் குறைவு என்பதால் இ.எஸ்.ஐ. கிடையாது. ஆனால் உரிமையாளர் விவரமானவர். தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி ஒன்று எடுத்து வைத்திருந்தார். அப்படித்தான் கட்டு என் மேஜைக்கு வந்தது.

மனுதாரருக்கு நாற்பது வயது. வேலை, பிசிறு வெட்டுவது. திருப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தைத்த உருப்படியில் தையல் முடிகிற இடமெல்லாம் நூல் நீட்டிக்கொண்டிருக்கும்: கழுத்துப் பட்டி, இரண்டு தோள், இரண்டு கை, இரண்டு பக்கம், அடிமடிப்பு, லேபிள் தைத்த இடம். ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, டிரிம்மர் என்ற சின்ன ஸ்பிரிங் கத்தரியால் துணியில் படாமல் நறுக்க வேண்டும். துணியில் பட்டால் டேமேஜ், அந்தப் பீஸ் போயிற்று. டிரிம்மரைக் கீழே வைப்பதே கிடையாது, உள்ளங்கைக்குள்ளேயே குடியிருக்கும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அழுத்தும், ஸ்பிரிங் விரிக்கும், மறுபடி அழுத்தும். இடது கை துணியைத் திருப்பிக்கொடுக்கும். சாதாரண நாளில் ஒரு ஷிப்ட். ஏற்றுமதித் தேதி நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம். இந்த வேலையில் அவர் பல வருஷம் இருந்தவர்.

அன்றைக்கு வெட்டி முடித்த பீஸ்களைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு பேக்கிங் பக்கம் போனார். தரையில் கிடந்த பாலிதீன் கவரில் கால் வைத்து வழுக்கி முன்னால் விழுந்தார். வலது உள்ளங்கையை ஊன்றியதில் மணிக்கட்டை ஒட்டி எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, கொஞ்சம் கோணலாக. அதற்குப் பிறகுதான் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன என்பது மனு.

கோவையில் இழப்பீட்டு ஆணையர் முன்பு விசாரணை. சாட்சிக் கூண்டில் அவரைப் பார்த்தபோது, ஜோடித்துப் பேசுகிறவர் மாதிரி தெரியவில்லை. ஆனாலும் குறுக்கு விசாரணை என்று வந்தால் அந்த எண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட வேண்டும்.

“ராத்திரி ரெண்டு மணி மூணு மணிக்குக் கை மரத்துப்போயி முழிப்பு வந்துருதுங்க சார். உதறி உதறித்தான் உசுரு வர வெக்கோணும். டிரிம்மரப் புடிச்சா எதப் புடிச்சிருக்கறேன்னே தெரியறதில்லீங்க. நூலுன்னு நெனச்சுத் துணிய வெட்டிப்போடறனுங்க.”

கை மரத்துவிட்டது என்று வருகிறவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. “சுண்டு விரலும் மரத்துப் போகுதாம்மா?” பெரும்பாலும் “ஆமாங்க சார், மொத்தக் கையும்தான்” என்று பதில் வரும். கூட்டிச் சொன்னால் கூடக் கிடைக்கும் என்ற நினைப்பு. மணிக்கட்டில் நசுங்குகிற மீடியன் நரம்புக்கும் சுண்டு விரலுக்கும் ஒட்டில்லை, உறவில்லை. அந்த விரல் வேறொரு நரம்பின் ஆட்சி. ‘மொத்தக் கை’ என்று சொல்லிவிட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்தது.

“சுண்டு விரல் நல்லாத்தானுங்க இருக்குது. மோதிர விரல்ல இந்தப் பக்கம் பாதிதானுங்க சார்” என்றார் அவர். சொல்லிக்கொண்டே இடது கை நகத்தால் வலது மோதிர விரலின் நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு கிழித்துக் காட்டினார். உடற்கூறியல் புத்தகத்தில் மீடியன் நரம்பின் எல்லை அதே கோட்டில்தான் ஓடுகிறது. எந்த வக்கீலும் இதைச் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருக்க மாட்டார். ஆணையர் எழுதிக்கொண்டார். நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

மனுவோடு அவர்கள் தாக்கல் செய்திருந்தது மணிக்கட்டின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறிக்கை. வலது கையில் மீடியன் நரம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 15 சதுர மில்லிமீட்டர். இடது கையில் 8. பெரும்பாலான ஆய்வுகளில் 9 முதல் 12-க்குள் எங்கேயோ எல்லைக்கோடு போடுகிறார்கள். அதைத் தாண்டினால் நரம்பு வீங்கியிருக்கிறது என்று பொருள். 15 என்பது எந்தக் கோட்டின்படியும் வீக்கம்தான்.

இன்சூரன்ஸ் வழக்கில் முதல் பாடம், எதிர்த் தரப்பு கொடுத்த தாள்களை விட்டுவிட்டு, கொடுக்காத தாள்களைத் தேடுவது. சிகிச்சை கொடுத்த ஆஸ்பத்திரியின் முழுக் கேஸ் ஷீட்டையும் வரவழைக்க மனுப் போட்டேன். வந்த கட்டில், எக்ஸ்ரே உறைக்கும் பில்லுக்கும் நடுவே, நரம்பு கடத்தல் பரிசோதனை அறிக்கை ஒன்று இருந்தது. ஸ்கேனுக்கு முன்பே எடுத்தது. கடைசி வரி: நார்மல். அந்தத் தாளை மனுதாரர் தரப்பு தாக்கல் செய்யவில்லை. இதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு?

இந்த இரண்டு பரிசோதனைகளும் என்ன செய்கின்றன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் சின்ன எலும்புகள் அடியிலும் பக்கத்திலுமாக நிற்க, மேலே ஒரு தடித்த நார்ப்பட்டை குறுக்காக ஓடுகிறது. அந்தக் குறுகலான வழியில் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரே ஒரு நரம்பும் போக வேண்டும். உள்ளே எது வீங்கினாலும், அடியில் எலும்பு எழும்பினாலும், முதலில் நசுங்குவது நரம்பு. கார்ப்பல் டனல் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். இங்கிலாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட் 1850-களிலேயே இதை எழுதிவைத்திருக்கிறார். லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளி; மணிக்கட்டருகே முறிந்த எலும்பு அளவுக்கு மீறி வளர்ந்து கூடியதில் மீடியன் நரம்பு அமுங்கிப்போய், கட்டை விரலிலும் அடுத்த இரண்டு விரல்களிலும் ஆறாத புண். இந்த நோயைப் பற்றிய ஆரம்பகாலப் பதிவுகளில் ஒன்றே எலும்பு முறிவில்தான் தொடங்குகிறது. எதிர்த் தரப்பு வக்கீல் இதைக் கண்டுபிடிக்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

நரம்பு கடத்தல் பரிசோதனையில் தோலின் மேல் சின்ன மின் அதிர்வு கொடுத்து, அது மணிக்கட்டைத் தாண்டிப் போக எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று பார்ப்பார்கள். “கரண்ட் வெச்சு சுர்ருனு இழுத்தாங்க” என்று மனுதாரர் சொன்னது இதைத்தான். நரம்பு வேலை செய்கிறதா என்பது அதன் கேள்வி. அல்ட்ராசவுண்ட் நரம்பின் உருவத்தைப் பார்க்கிறது: எங்கே வீங்கியிருக்கிறது, எங்கே அமுங்கியிருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது. அதில் வலி கிடையாது. செலவும் பெரும்பாலும் குறைவு.

நார்மல் என்று எழுதிய நரம்பியல் மருத்துவரை எங்கள் தரப்புச் சாட்சியாக அழைத்தேன். நேர்மையான மனிதர், அது என் துரதிர்ஷ்டம். முதல் விசாரணையில் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. குறுக்கு விசாரணைக்கு எழுந்த மனுதாரர் தரப்பு வக்கீல் வயதில் சின்னவர், வெளியே என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவர். எங்கேயோ நன்றாகப் படித்துவிட்டு வந்திருந்தார். “பரிசோதனை செய்தபோது கையின் வெப்பநிலையைக் குறித்தீர்களா?” என்று ஆரம்பித்தார். குறிக்கவில்லை என்றார் டாக்டர். வக்கீல் வெற்றிப் பார்வையோடு என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கை குளிர்ந்திருந்தால் நரம்பின் வேகம் குறையும். நல்ல நரம்புகூட நோயுள்ளது போலத் தெரியும். குளிர்ந்த கையிலும் நார்மல் வந்திருந்தால் அது எனக்குத்தான் சாதகம்.

ஆனால் அடுத்த கேள்வி குறி தப்பவில்லை. உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மீடியன் நரம்பையும் பக்கத்து அல்நார் நரம்பையும் ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டார். ஆரம்ப நிலை நோயைப் பிடிக்க அந்த ஒப்பீடுதான் உதவும். பெரிய தூரத்தில் ஒரே நரம்பை மட்டும் அளந்தால் சின்னத் தாமதம் சராசரிக்குள் கரைந்துபோகும். ஒப்பீடு செய்யவில்லை, வழக்கமான அளவுகளை மட்டும் எடுத்தேன் என்றார் டாக்டர். பிறகு, யாரும் கேட்காமலே, இன்னொன்றும் சொன்னார்: “இந்தப் பரிசோதனை வேகமாக ஓடுகிற தடித்த நரம்பிழைகளை மட்டும்தான் அளக்கும். வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் இதில் வராது. நார்மல் என்றால் நோயே இல்லை என்று நான் எழுதவில்லை.”

எழுதவில்லைதான்.

அந்த வாய்தாவுக்கும் அடுத்ததற்கும் நடுவே நான் படிக்க உட்கார்ந்தேன். 2002-இல் அமெரிக்க நரம்பு-தசை மின்மருத்துவ நிபுணர்களின் சங்கம் வெளியிட்ட தொகுப்பின்படி, உண்மையில் நோய் உள்ள நூறு பேரில் 56 முதல் 85 பேரை நரம்புப் பரிசோதனை பிடிக்கும். நோய் இல்லாதவர்களை இல்லை என்று சொல்வதில் 94 முதல் 99 வரை சரி. நோய் உண்டு என்றால் நம்பலாம். இல்லை என்றால் யோசிக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் சுவீடனில் அட்ரோஷி என்பவர் குழு 1999-இல் வெளியிட்ட மக்கள்தொகை ஆய்வு கண்ணில் பட்டது. எந்தத் தொந்தரவும் இல்லாத ஆட்களைக் கூப்பிட்டு இதே பரிசோதனை செய்ததில், 18 சதவீதம் பேருக்கு நரம்பு மெதுவாக ஓடியதாம். ஆக, தாள் இரண்டு பக்கமும் பொய் சொல்லும்.

அல்ட்ராசவுண்ட் பக்கம் போனால் வேறொரு வேடிக்கை. ஸ்கேன் எவ்வளவு சரி என்று அளந்த பழைய ஆய்வுகள் பலவற்றில், உண்மை எது என்று தீர்மானித்ததே நரம்புப் பரிசோதனைதான். ஒரு சாட்சி சொன்னது சரியா என்று இன்னொரு சாட்சியை வைத்தே தீர்ப்பெழுதினால் எந்த நீதிபதியாவது ஒப்புவாரா? அதனால்தான் 2014-இல் ஃபௌலர் என்ற கை அறுவை நிபுணரின் குழு செய்த ஒப்பீடு எனக்குப் பிடித்தது. நோயாளி சொல்லும் அறிகுறிகளையும் டாக்டர் கையால் தொட்டுப் பார்ப்பதையும் ஆறு கேள்விகளாக்கி மதிப்பெண் போடும் சி.டி.எஸ்-6 என்ற முறையை அவர்கள் நடுவராக வைத்தார்கள். நோயைப் பிடிப்பதில் ஸ்கேனும் நரம்புப் பரிசோதனையும் ஆளுக்கு 89 சதவீதம். இல்லாததை இல்லை என்று சொல்வதில் ஸ்கேன் 90, நரம்புப் பரிசோதனை 80. அந்த ஆறில் முதல் இரண்டு என்ன தெரியுமா? எந்தெந்த விரல் மரக்கிறது, ராத்திரியில் மரக்கிறதா. கூண்டில் அந்தப் பெண் நகத்தால் கோடு கிழித்துக் காட்டியதை நினைத்துக்கொண்டேன். அமெரிக்க எலும்பு மருத்துவ நிபுணர்களின் சங்கம் 2024-இல் கொண்டுவந்த வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போய், சி.டி.எஸ்-6 தெளிவாக இருந்தால் இந்த இரண்டு பரிசோதனையையும் வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை என்கிறது. எங்கள் வழக்கு நடந்தபோது அது வரவில்லை.

நோய் உண்டா என்ற சண்டையில் தோற்கப்போகிறேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நோய் எதனால் என்ற சண்டை பாக்கி இருந்தது. சட்டம் எனக்குச் சாதகமாக நிற்கும் இடம் அதுதான்.

அப்போது நடப்பில் இருந்த 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் விபத்துக்குப் பணம் உண்டு. தொழில்நோய்க்கும் உண்டு, ஆனால் மூன்றாம் அட்டவணையில் பெயர் இருக்க வேண்டும். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் அதில் இருக்கிறது, இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை இருக்கிறது, ஈயம், பாதரசம் எல்லாம் இருக்கின்றன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்ததால் நசுங்கிய மணிக்கட்டு நரம்பு இல்லை. பட்டியலில் இல்லாத நோய் என்றால், அது குறிப்பிட்ட ஒரு விபத்தின் நேரடி விளைவாக இருந்தால் ஒழியப் பணம் கிடையாது என்று 3(4)-ஆம் பிரிவு கதவைச் சாத்தியது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் கார்ப்பல் டனல் பெயர் சொல்லியே இருக்கிறது: நீண்ட நேரம் அழுத்தம் கொடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை, அதிர்வு, மணிக்கட்டை விபரீதமாக வளைத்து வைத்திருப்பது. அந்த ஜெனீவாப் பட்டியல் கோவையில் செல்லாது.

ஆகவே வலது நரம்பு வீங்கியதற்குக் காரணம் பல வருஷம் டிரிம்மர் பிடித்ததுதான் என்று எடுத்தேன். வெட்டுகிற கை வலது, வீங்கிய கையும் வலது. துணியைத் திருப்புகிற இடது கை நரம்பு 8-இலேயே நிற்கிறது. அவர்களுடைய ஸ்கேன் அறிக்கையே எனக்குச் சாட்சி. விழுவதற்கு முன்பே நோய் இருந்திருக்க வேண்டும், அது தேய்மானம், விபத்து இல்லை, எனவே இழப்பீடு இல்லை. அந்த வேலை மனிதக் கையை எப்படிக் கெடுக்கும் என்று, எந்தத் தொழிற்சங்கத் தலைவரும் பொறாமைப்படும் அளவுக்கு விளக்கினேன். இளம் வக்கீலோ தன் கட்சிக்காரரின் கை விழும்வரை பொன் போல இருந்தது, பிசிறு வெட்டுவது பெரிய பாரமான வேலையே இல்லை என்று பேச வேண்டியதாயிற்று. அவருக்குப் பின்னால் பெஞ்சில் மனுதாரர் உட்கார்ந்திருந்தார். எங்கள் இருவரில் யார் தனக்காகப் பேசுகிறார் என்று அவருக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்திருக்கும்.

ஸ்கேன் எடுத்த டாக்டரை விசாரிக்காமல் அறிக்கையை ஏற்கக் கூடாது என்று நான் ஆட்சேபித்திருந்தேன். வேறு வழியில்லாமல் அவரை வரவழைத்தார்கள். நாள் முழுக்கக் காத்திருந்த கோபத்தோடு கூண்டேறினார் அந்த அம்மா. நம் ஊரில் ஸ்கேன் என்றாலே கர்ப்பம்தான். கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யாத இயந்திரத்தால் மணிக்கட்டைக்கூடப் பார்க்க முடியாது. ஆண் பெண் சொல்ல மாட்டோம் என்ற பலகைக்குக் கீழேதான் எங்கள் மனுதாரரும் கையை நீட்டியிருக்கிறார். அதையே பிடித்துக்கொண்டு, “உங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் கர்ப்பிணிகள்தானே?” என்றேன். ஆமாம் என்றார். “மணிக்கட்டு ஸ்கேன், எடுப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்து மாறும், இல்லையா?” அதற்கும் ஆமாம். “அதனால்தான் அதே புரோபை வைத்து, அதே இடத்தில், இடது கையையும் எடுத்தேன். என் கைப்பழக்கம் தப்பென்றால் இரண்டு கையிலும் தப்பாகத்தானே வந்திருக்கும்?”

பட்டாணி வடிவ எலும்பு இருக்கும் மட்டத்தில் அளந்ததையும், நரம்பின் வெளி உறையை விட்டுவிட்டு உள்பக்கமாகவே சுற்றி வரைந்ததையும் பொறுமையாகச் சொன்னார். பிறகு நான் என் முக்கியமான கேள்வியைப் போட்டேன். பல வருஷம் வலது கையால் நறுக்கியதாலேயே இந்த வீக்கம் வந்திருக்கலாமா?

“வந்திருக்கலாம். வீக்கத்தை மட்டும் வைத்து எனக்குச் சொல்லத் தெரியாது” என்றார். நான் உட்கார்ந்திருக்க வேண்டும், உட்காரவும் செய்தேன். ஆனால் ஆணையர் விடவில்லை. படத்தில் வேறு ஏதாவது தெரிகிறதா என்று அவரே கேட்டார். தெர்மல் தாளில் அடித்த படங்கள், ஓரம் சுருண்டு, பாதி வெளுத்துப் போயிருந்தன. அந்த அம்மா மூன்றாவது படத்தை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். நீளவாட்டில் எடுத்தது. அடியில் வெள்ளையாக எலும்பின் கோடு. முறிந்து கூடிய இடத்தில் அது ஒரு படிக்கட்டு போல மேலே எழும்பியிருந்தது. நரம்பு நேராக வந்து, அந்த இடத்தில் தூக்கிக்கொண்டு, தாண்டியதும் மறுபடி இறங்கியது. வீக்கம் அதை ஒட்டியே தொடங்கியது. “இடது கையில் இந்த மேடு இல்லை” என்றார்.

நரம்புப் பரிசோதனை ஆயிரம் தடவை செய்திருந்தாலும் இந்த ஒரு பதிலைத் தந்திருக்காது. நரம்பு மணிக்கட்டில் மெதுவாகிறது என்று வேண்டுமானால் அது சொல்லும். எதன் மேல் ஏறி மெதுவாகிறது என்று சொல்லாது. பிசிறு வெட்டிய வருஷங்கள் அந்த நரம்பை ஏற்கெனவே நோகடித்திருந்தனவா என்பது ஸ்கேனிலும் தெரியாது. என் சொந்தக் கருத்து, இரண்டும் சேர்ந்துதான். ஆனால் மேடு படத்தில் இருக்கிறது, வருஷங்கள் படத்தில் இல்லை.

எனக்கு மிச்சமிருந்தது தொகை. இழப்பு நிரந்தரம் இல்லை, அறுவை செய்து நார்ப்பட்டையை வெட்டிவிட்டால் சரியாகிவிடும், ஆகவே தற்காலிக ஊனத்துக்கான அரை மாதத் தொகை போதும் என்று கேட்டுப் பார்த்தேன். எலும்பு கோணலாகவே இருக்கும்போது அறுவை முழுப் பலன் தருமா என்பதற்கு எலும்பு மருத்துவரே உத்தரவாதம் தரவில்லை. அவர் கொடுத்திருந்த சான்று 40 சதவீத ஊனம். அது கைக்கா, சம்பாதிக்கும் சக்திக்கா என்று கேட்டேன். கைக்கு என்று ஒப்புக்கொண்டார். 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைத்தான் விளக்கியது: உறுப்பின் ஊனம் ஒரு எண், வருமான இழப்பு வேறொரு எண். இளம் வக்கீல் 1975-ஆம் ஆண்டுப் பிரதாப் நாராயண் சிங் தேவ் தீர்ப்பை எடுத்தார். இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த தச்சருக்கு 100 சதவீத இழப்பு என்று சொன்ன தீர்ப்பு. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால். தச்சருக்குக் கை, இவருக்கு விரல் நுனி என்றார். நன்றாகத்தான் இருந்தது.

1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை இந்த மாதிரி நேரத்தில் கைகொடுத்ததில்லை. கட்டை விரல் போனால் 30, ஒரு கையில் நான்கு விரலும் போனால் 50 என்று துண்டானவற்றுக்கு அது விலை போட்டிருந்தது. விரல் இருந்தும் உணர்ச்சி இல்லாததற்கு அதில் வரி கிடையாது. வீட்டில் சமைக்கிறீர்களா, துணி துவைக்கிறீர்களா என்றும் மனுதாரரைக் கேட்டிருந்தேன். “செய்யாம யாருங்க சார் செய்வாங்க?” என்றார். அமெரிக்காவில் டொயோட்டா தொழிற்சாலைப் பெண் ஒருவரின் கார்ப்பல் டனல் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் இதே கேள்வியை வைத்துத்தான் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பல் துலக்க முடிகிறது, வீட்டு வேலை முடிகிறது, பிறகென்ன ஊனம் என்று. 2008-இல் அவர்கள் நாடாளுமன்றம் சட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. நம் சட்டத்தில் அந்தக் கேள்விக்கு இடமே குறைவு. சோறாக்கினால் சம்பளம் வராது.

ஆணையர் 25 சதவீதம் என்று முடிவு செய்தார். பிசிறு வெட்ட முடியாது, ஆனால் கண்ணால் பார்க்கும் செக்கிங் வேலை செய்ய முடியும் என்பது அவர் காரணம். அப்போதைய சட்டப்படி மாதச் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் கணக்கில் எடுப்பது 8,000 ரூபாய்தான். 2020 ஜனவரியில்தான் அது 15,000 ஆயிற்று. 8,000-இல் 60 சதவீதம் 4,800. நாற்பது வயதுக்கான காரணி 184.17. பெருக்கினால் 8,84,016. அதில் கால் பங்கு 2,21,004 ரூபாய், 12 சதவீத வட்டியோடு. மேல்முறையீட்டுக்குச் சட்டப் பிரச்சினை எதுவும் இல்லை, கட்டிவிடலாம் என்று கம்பெனிக்குக் கருத்து எழுதினேன். கட்டினார்கள்.

தீர்ப்பன்று வெளியே டீ குடிக்கும்போது இளம் வக்கீல் கேட்டார். “ஏனுங்கண்ணா, அந்தம்மா விழாமயே கை மரத்திருந்தா?”

கேஸே இல்லை என்றேன். எந்தப் பரிசோதனையும் வேண்டியிருந்திருக்காது.

அதற்கு அந்தச் சட்டத்திலேயே ஒரு வழி இருந்தது. ஒரு வேலையையும் அதற்குரிய நோயையும் அட்டவணையில் சேர்க்க 3(3)-ஆம் பிரிவு மத்திய அரசுக்கு மட்டுமல்ல, மாநில அரசுக்கும் அதிகாரம் கொடுத்தது. அரசிதழில் மூன்று மாத முன்னறிவிப்புப் போதும். பிரிட்டனில் மணிக்கட்டைத் திரும்பத் திரும்ப மடக்கி விரிக்கும் வேலை வாரத்துக்குக் குறைந்தது 20 மணி நேரம் என்று வரையறுத்துக் கார்ப்பல் டனலைச் சேர்த்திருக்கிறார்கள். இப்போது 1923-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்துவிட்டது. தொழில்நோய்ப் பட்டியல் மூன்றாம் அட்டவணையாகவே அதிலும் இருக்கிறது, மணிக்கட்டு நரம்பு இல்லாமலே. சேர்த்தால் என் போன்றவர்களுக்கு வேலை கூடும். ஒரு பெண் எத்தனை மணி நேரம் டிரிம்மர் பிடித்தார் என்பதற்கு ஜாப் ஒர்க் யூனிட்டில் ரெஜிஸ்டர் எங்கே என்று நான்தான் முதலில் கேட்பேன். சனிக்கிழமைச் சம்பளக் கவரைத் தவிர வேறொன்றும் அங்கே இருக்காது.